எங்க வீட்டுக்காரர் லினக்ஸ் போட்ட கதை

லேப்டாப்பு மூடியில ஒரு பறவைப் படம் ஒட்டிருக்கியே பாப்பா, வயிறு மட்டும் வெள்ளையா, அது பெங்குவின்தானே? அப்ப நீயும் அந்த லினக்ஸ் கோஷ்டிதான். மறைக்காத, எனக்குத் தெரியும். இந்த பஸ்ஸுல அங்க ஜன்னல் ஓரத்துல இடம் இருந்தும் உன் பக்கத்துல வந்து உக்காந்தேன் பாரு, அந்தப் பறவையைப் பாத்துத்தான். இந்த விசயம் தெரிஞ்ச ஆளு ஒண்ணு கையில சிக்கணும்னு எத்தனை நாளா காத்துக்கெடக்கேன் தெரியுமா? நீ எங்க இறங்கணும்? ஸ்ரீவில்லிபுத்தூரா? நல்லதாப் போச்சு. நான் சிவகாசி. அது வரைக்கும் பேசலாம். காதுல மாட்டிருக்கதைக் கழட்டி வையி.

என் பேரு ஜெயக்கொடி. சங்கரன்கோவில் தேரடிக்குப் பின்னால சந்துல 'தவசி கிராபிக்ஸ்'னு ஒரு போர்டு தொங்கும். நீ பாத்திருக்க மாட்டே. எவனாவது ஒருத்தன் அதுக்கு முன்னாடி பிளக்ஸ் கட்டி மறைச்சிருப்பான். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கடைதிறப்பு, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் டிசைன் பண்ணிக் குடுக்குறோம். படம், கலரு, பார்டரு எல்லாம் எங்க வீட்டுக்காரர் தவசிலிங்கம். பாரு, உன்கிட்ட பேரைக் கூட சொல்லிட்டேன், அவ்வளவு ஆத்திரத்துல இருக்கேன். எழுத்து பூராம் என் கை. பத்தொம்பது வருசமா நான் டைப் அடிச்சதுல ஒரு பிழை வந்தது கிடையாது. வந்த மூணு நாலும் அவரு செஞ்சது. அவரே ஒத்துக்குவாரு. ஒரு தடவை கரிவலத்துப் பார்ட்டி, பத்திரிகையில தாய்மாமன் பேரு விட்டுப்போச்சுன்னு கடை வாசல்ல வந்து நின்னு அந்தச் சத்தம் போட்டாங்க. அவங்க எழுதிக் குடுத்த தாளை நான் தேடி எடுக்குறதுக்குள்ள இவரு எந்திரிச்சு, "தப்பு என்னோடதுதாங்க, சாயந்தரத்துக்குள்ள புதுசா அடிச்சுத் தாரேன்"னுட்டாரு. அப்படி ஒரு கவனமில்லாத மனுசன். ஆனா நல்ல மனுசன். அதையும் சொல்லணும்ல.

இப்ப எதுக்கு ஆத்திரம்னா, நாளைக்குக் காலையில எங்க அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசம். அண்ணன் பேரு தங்கப்பழம். சிவகாசியில சொந்தமா ஆப்செட் பிரஸ் வச்சிருக்கு. கூடப் பிறந்தவ நான் ஒருத்திதான். நானும் இவரும் ஜோடியா நின்னு பால் காய்ச்சணும்னு அண்ணன் போன மாசமே சொல்லி வச்சிருச்சு. இன்னைக்குக் காலையில பாத்தா, இவரு சட்டை கூட எடுத்து வைக்கல. "நீ போயிட்டு வா ஜெயா, எனக்குக் கடையில வேலை கெடக்கு"ங்கிறாரு. எங்க வீட்டு நல்லது கெட்டது ஒண்ணுக்கும் இதுவரைக்கும் வராம இருந்ததில்ல. இப்ப வரமாட்டாராம். என்னன்னு கேட்டா, தீபாவளிக்கு அண்ணன் கேலி பேசிருச்சாம். அந்த ரோசம். கட்டிக்கிட்ட வீட்டுல கேலி பேசாம வேற எங்க பேசுவாங்க? அதுலயும் தப்பு செஞ்சது யாரு? அதைத்தான் உன்கிட்ட கேக்கணும். எல்லாத்தையும் கேட்டுட்டு நீயே ஒரு நியாயம் சொல்லு.

எங்க கம்ப்யூட்டர்ல முன்னாடி இருந்த சிஸ்டம் எவனோ பென்டிரைவ்ல ஏத்திக் குடுத்த திருட்டுக் காப்பி. ஊரு பூராம் அதைத்தான் வச்சிருக்கு. இவருக்கு மட்டும் திடீர்னு ஒரு நாள் ஞானம் வந்துருச்சு. "சாமி படம் போட்டுப் பத்திரிகை அடிக்கிறோம், அடிக்கிற மிஷின்ல திருட்டுச் சரக்கு இருக்கலாமா ஜெயா?"ன்னாரு. இருந்துட்டுப் போகட்டுமேன்னேன். கேக்கல. போன்ல ஏதோ ஒரு குரூப்பு, காசு வாங்காமக் குடுக்குற சிஸ்டமாம் லினக்ஸு, அதைத் தமிழ்ல சொல்லித் தர்ற குரூப்பு, அதுல போய்ச் சேந்துக்கிட்டாரு. சோறு திங்கையில லினக்ஸ், குளிக்கையில லினக்ஸ். பொண்ணு பாக்கப் போன மாப்பிள்ளை மாதிரி ஒரு சிரிப்பு வேற. கடைசியில விஜயதசமி அன்னைக்குப் போடுறதுன்னு முடிவு பண்ணாரு. புதுசா படிக்க ஆரம்பிக்கிறதுக்கு அதை விட நல்ல நாளு எது? அது நான் குடுத்த யோசனைதான்.

ஆயுத பூசைக்கு வருசா வருசம் அவரு ஒரு வேலை பாப்பாரு. சி.பி.யூ பெட்டியைப் பிரிச்சு, உள்ள இருக்க சாமான் ஒவ்வொண்ணையும் கழட்டி, பெயின்ட் பிரஷ்ஷால தூசி தட்டி, பேப்பர்ல வரிசையாப் பரப்பி சாமிக்கு முன்னாடி வச்சிருவாரு. பூசை முடிஞ்சா அன்னைக்கு எதையும் தொடக் கூடாதுல்ல? மறுநாள் நல்ல நேரம் பாத்து மாட்டுவாரு. இந்த வருசமும் அப்படித்தான். மாட்டி முடிச்சு, பழைய சிஸ்டத்தைத் துடைச்சு அழிச்சுட்டு, பென்டிரைவ்ல இருந்து லினக்ஸை ஏத்துனாரு. ஏறும்போது ஒரு குறையும் இல்ல. கோடு ஓடுச்சு, முடிஞ்சதுன்னு சொல்லுச்சு, நானும் சர்க்கரைப் பொங்கலைக் கையில குடுத்தேன். ஒரு தடவை நிறுத்திப் போடுங்கன்னு அதுல வந்துச்சு. போட்டாரு.

போச்சு.

கறுப்பு. மூலையில ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக்கு மினுக்குன்னு. மறுபடி நிறுத்திப் போட்டாரு. அதே கோடு. அதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாரு, சர்க்கரைப் பொங்கல் கையிலயே ஆறிப்போச்சு. "என்னங்க?"ன்னேன். "கிராபிக்ஸ் கார்டுக்கும் லினக்ஸுக்கும் ஒத்துவரல போலருக்கு, சரி பண்ணிரலாம்"னாரு. எங்க மிஷினுக்கு அந்தக் கார்டு இல்லாட்டி படமே வராது பாத்துக்கோ. உனக்குத் தெரியாததா?

அன்னைக்கு ஆரம்பிச்சது. பதினெட்டு நாளு.

மொதல்ல குரூப்புல கேட்டாரு. உங்க ஆளுங்க இருக்காங்களே, கேட்ட மாத்திரத்துல பன்னெண்டு பேரு பன்னெண்டு வழி சொல்லுவாங்க. மிஷின் கிளம்பும்போது கீபோர்டுல ஒரு கட்டையை அமுக்கி நோமோடுசெட்டுன்னு ஒரு வார்த்தை அடிக்கச் சொன்னாங்க. அடிச்சாரு. வந்துருச்சு படம்! நான் சாமியைக் கும்பிட்டேன். ஆனா எப்படி வந்துச்சுங்கிற? ஒவ்வொரு எழுத்தும் என் உள்ளங்கை அகலம். பத்திரிகையைத் திறந்தா பிள்ளையாரோட தும்பிக்கை தெரியுது, காலு தெரியல. காலைப் பாக்கணும்னா தும்பிக்கை மேல போயிருது. அதுல எப்படி வேலை பாக்க? இது சும்மா தற்காலிகம், கார்டை ஓட்டுறதுக்கு டிரைவர்னு ஒரு புரோகிராம் இருக்கு, அதுல சரியானதைப் போட்டா நிமிர்ந்துரும்னாங்க. போட்டாரு. நிமிரவா செஞ்சுச்சு? சிவப்பும் பச்சையுமா புள்ளி புள்ளியா, சுங்குடிச் சேலையை வெயில்ல காயப்போட்ட மாதிரி ஒரு படம் வந்துச்சு. அப்படியே நின்னுருச்சு.

பிறகு கெர்னல்னு ஒண்ணை மாத்துனாரு. பழசைப் போட்டாரு, புதுசைப் போட்டாரு, நடுவாந்திரமா ஒண்ணைப் போட்டாரு. ஒயரை மாத்துனாரு. பக்கத்து ஸ்டுடியோவுல போயி மானிட்டர் கேட்டு வாங்கிட்டு வந்தாரு. அவங்க மானிட்டர்லயும் அதே சுங்குடிச் சேலைதான். ஒரு நோட்டு போட்டு எல்லாத்தையும் எழுதி வச்சாரு. "முயற்சி பதினொண்ணு: படம் நாலு நிமிசம் வந்தது, போய்விட்டது." பாவமாத்தான் இருக்கும் பாக்க. ஆனா நான் அதைக் காட்டிக்கல. காட்டிக்கிட்டா இன்னும் பத்து நாளு இழுப்பாரு.

ஒரு நாளு எனக்கு வந்த கோவத்துல அந்தப் பெட்டியோட விலாவுல சப்புன்னு ஒரு அடி குடுத்தேன். படம் வந்துருச்சு பாப்பா! சத்தியமா. முழுசா, பளிச்சுன்னு, பிள்ளையாரு தலையில இருந்து கால் வரைக்கும். இவரு என்னையப் பாக்குறாரு, பெட்டியைப் பாக்குறாரு. "என்ன பண்ண?"ன்னாரு. "கைராசி"ன்னேன். ஒரு கால் மணி நேரம் ஓடுச்சு. படம் திரும்பப் போனப்ப மறுபடி அடிச்சேன், வரல. "தட்டுனா வருதுன்னா எங்கயோ லூசா இருக்கு"ன்னு யோசிச்சுக்கிட்டே நின்னாரு. குரூப்புல நத்தத்துக்காரர் ஒருத்தர் இருக்காரு, சகுபர் சாதிக்னு, மோட்டாருக்கு ரீவைண்டிங் பாக்குற கடை வச்சிருக்காராம். அவரு மொத நாள்ல இருந்தே ஒரே பாட்டுதான் பாடுவாரு: "கார்டைக் கழட்டிப் பாத்தீங்களா? கழட்டிப் பாத்தீங்களா?" இவரு, "ஆயுத பூசைக்குத்தான் கழட்டி, சுத்தமாத் துடைச்சு மாட்டுனேன் பாய், அதுல ஒண்ணும் இருக்காது"ன்னு சொல்லிட்டாரு. பாத்தியா, பிடிவாதத்தை? அன்னைக்கே அந்த பாய் பேச்சைக் கேட்டிருந்தா அண்ணன் வரைக்கும் போயிருக்காதுல்ல?

அண்ணனுக்கு யாரு சொன்னதுன்னா கேக்குற? நான்தான் போன் போட்டேன். பின்ன? ஐப்பசி முகூர்த்தம் தலைக்கு மேல நிக்குது. பத்திரிகைக்கு வர்றவங்களுக்கு நான் பேனாவால எழுதிக் காட்டிக்கிட்டு இருக்கேன், "இப்படித்தாங்க வரும், மனசுல நெனச்சுக்கோங்க"ன்னு. எத்தனை பேரு மனசுல நெனப்பாங்க? மேட்டுத் தெருவுல புதுசா ஒருத்தன் கடை போட்டிருக்கான், எல்லாரும் அங்கன போறாங்க. அண்ணன்கிட்டதான் சொல்லி அழுதேன். மறுநாளே ஸ்வீட் டப்பாவோட வந்து நின்னுச்சு. பெட்டியைப் பாத்துச்சு, இவரைப் பாத்துச்சு. "மாப்ளே, எதுக்கு இந்தப் பாடு? தீபாவளி வரைக்கும் பாருங்க. படம் வரலைன்னா கடையைச் சாத்திட்டு நம்ம பிரஸ்ஸுக்கு வந்துருங்க. சூப்பர்வைசரா இருங்க. ஜெயாவும் அங்க வேலை பாக்குற பிள்ளைங்க கூட உக்காந்து டைப் அடிக்கட்டும்"னு சொல்லுச்சு.

இவரு என்ன சொல்லியிருக்கணும்? நன்றி மச்சான்னு சொல்லியிருக்கணும். இவரு போர்டைத்தான் பாத்தாரு. 'தவசி கிராபிக்ஸ்'ங்கிற போர்டை. அது அவரு கைப்படத் தகரத்துல எழுதுனது, எங்க கல்யாணத்துக்கு முந்துன வருசம். ஒரு வார்த்தை, "சரி மச்சான்"னாரு. அவ்வளவுதான். எனக்கே பொறுக்கல, பொய் சொல்லக் கூடாது. யாருகிட்டயும் கைகட்டி நின்ன ஆளு இல்ல அவரு. நாளைக்கு எங்க அண்ணன் பிரஸ்ஸுல, எங்க அண்ணன் போடுற பெஞ்சுல உக்காந்து, எங்க அண்ணன் பேச்சுக்குத் தலையாட்டிக்கிட்டு... ஆனா யாரால வந்த வினை? நல்லா ஓடிக்கிட்டிருந்த மிஷினை நோண்டச் சொன்னது யாரு?

ராஜபாளையம் வந்துருச்சா? அந்தம்மா இறங்கட்டும், காலை மடக்கிக்கோ. ம்.

தீபாவளிக்கு முந்துன நாளு மத்தியானம். நான் பின்னால அடுப்படியில முறுக்குக்கு மாவு பிசையிறேன். வீடும் கடையும் ஒண்ணுதான், நடுவுல ஒரு திரைதான். இவரு நோட்டைத் திறந்து வச்சுக்கிட்டு ஒண்ணும் எழுதாம உக்காந்திருக்காரு. போன் அடிக்குது. நத்தத்து பாய். மொதத் தடவையா நேரடியாவே கூப்பிட்டுட்டாரு. "தவசி அண்ணே, எனக்காக ஒரே ஒரு தடவை கழட்டிப் பாருங்க, அப்புறம் நான் கேக்கவே மாட்டேன்"னு சொல்றது எனக்கே கேக்குது. சரின்னு கண்ணாடியை மாட்டிக்கிட்டு ஸ்குரூடிரைவரை எடுத்தாரு.

திரை இடுக்கு வழியா நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். கார்டை உருவி எடுத்தாரு. ஜன்னல் பக்கம் வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தாரு. பிறகு என்ன செஞ்சாருங்கிற? மூக்குக்கிட்ட கொண்டு போயி மோந்து பாத்தாரு! கார்டை! சரிதான், மனுசனுக்குப் புத்தி பேதலிச்சிருச்சுன்னு நெனச்சேன். "ஜெயா, இங்க வா"ன்னாரு. மாவுக் கையோட ஓடுனேன். என் மூஞ்சியைப் பாத்தாரு. வேர்வை, மாவு, அழுத கண்ணு, எல்லாம் சேந்து எப்படி இருந்தேனோ. "ஒண்ணுமில்ல, போ. வீட்டுல ரப்பர் இருக்கா, பென்சில் அழிக்கிறது?"ன்னாரு. எடுத்துக் குடுத்தேன். நான் திரும்புறதுக்குள்ள சிரிக்க ஆரம்பிச்சுட்டாரு. சத்தம் வராம, தோளு குலுங்கக் குலுங்க, கண்ணுல தண்ணி வர வர. எதுக்குச் சிரிக்கிறீங்கன்னா, "இந்த லினக்ஸை நெனச்சேன், சிரிப்பு வந்துச்சு"ங்கிறாரு.

ரப்பரை வச்சு அந்தக் கார்டோட ஓரத்தைத் தேய்ச்சாரு. மஞ்ச மஞ்சளாத் தூளு உதிர்ந்துச்சு. வேட்டி முனையால துடைச்சாரு, பெட்டிக்குள்ள வச்சு அமுக்குனாரு, சுவிட்சைப் போட்டாரு. வந்துச்சு பாரு படம்! எங்க வாழ்க்கையில நாங்க அப்படி ஒரு வெளிச்சத்தைப் பாத்ததில்ல. எழுத்து எல்லாம் பொடிப் பொடியா, அழகா. நான் மாவுக் கையாலயே அவரு தோளைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். ஒரு மணி நேரம் ஓட விட்டோம், ரெண்டு மணி நேரம் ஓட விட்டோம், அசையல. "என்னங்க ஆச்சு, எதுல தப்பு?"ன்னு கேட்டேன். என்ன சொன்னாருங்கிற? "நான்தான் ஜெயா, மொத நாளே ஒரு கட்டளையைத் தப்பா அடிச்சுட்டேன். இப்பத்தான் கண்ணுல பட்டுச்சு"ன்னாரு.

கேட்டுக்கோ. அவரு வாயாலயே சொன்னது. ஒரு வரியைத் தப்பா அடிச்சுட்டு பதினெட்டு நாளு எங்களை அந்தப் பாடு படுத்திருக்காரு. எனக்கு வந்துச்சு பாரு கோவம்! ஆனா படம் வந்த சந்தோசத்துல ரெண்டு முறுக்கு கூட வச்சுக் குடுத்தேன்.

மறுநாள் தீபாவளிக்கு அண்ணன் வீட்டுக்குப் போனோம். மதினி, மதினியோட அண்ணன் தம்பி, அவங்க பொண்டாட்டிமாரு, கூடம் கொள்ளாத சனம். அண்ணன் கேட்டுச்சு, "என்ன மாப்ளே, பிரஸ்ஸுக்கு எப்ப வர்றீங்க?" இவரு, "படம் வந்துருச்சு மச்சான்"னாரு. எதுல கோளாறுன்னு கேட்டுச்சு. "என் தப்புதான், ஒரு வரியைத் தப்பா அடிச்சுட்டேன்"னாரு. அவ்வளவுதான், விடுவாங்களா? அண்ணன், "ஒரு வரி தப்பா அடிச்சுட்டு ஒரு மாசம் கடையைச் சாத்துன ஒரே ஆளு நம்ம மாப்ளேதான்"னுச்சு. கூடமே சிரிக்குது. நானும் சும்மா இருக்கல. எந்திரிச்சு நின்னு, அவரு கார்டை மோந்து பாத்ததை அப்படியே நடிச்சுக் காட்டுனேன். மதினிக்குச் சிரிச்சுச் சிரிச்சு புரையேறிருச்சு. அண்ணன் அன்னைக்குப் பேரே வச்சிருச்சு, 'மோப்ப மாப்ளே'ன்னு. சின்னப் பிள்ளைங்க வரைக்கும் அதைச் சொல்லுச்சுங்க. இவரு இலையைப் பாத்துக்கிட்டு அதிரசத்தைப் பிட்டுப் பிட்டுத் தின்னாரு. லேசா ஒரு சிரிப்பு. கோவமே படல. சரி, எடுத்துக்கிட்டாருன்னு நான் நெனச்சேன்.

இப்பப் பாரு, கிரகப்பிரவேசத்துக்கு வரமாட்டாராம். "அங்க வந்தா மறுபடி அதையே பேசுவாங்க ஜெயா, எனக்குச் சங்கடமா இருக்கு"ங்கிறாரு. தப்பு செஞ்சா நாலு பேரு சிரிக்கத்தான் செய்வாங்க. நான் ஜோடி இல்லாம மூளியா நின்னு பால் காய்ச்சணுமா? சொல்லு பாப்பா. நியாயமா இது?

என்ன யோசிக்கிற? சொல்லு.

மஞ்சத் தூளா? எந்த மஞ்சத் தூளு? ரப்பர் வச்சுத் தேய்க்கையில உதிர்ந்ததா? அது தூசியா இருக்கும். இல்ல, தூசிதான் தட்டிட்டாரே. அப்ப ரப்பரோட கலரு. ரப்பரும் வெள்ளைதான். துருவோ என்னமோ. அதுக்கு எதுக்கு இப்படி முழிக்கிற?

ஆயுத பூசைக்குச் சந்தனம் வச்சீங்களான்னா? இதென்ன கேள்வி? வைக்காம இருப்போமா? அவரு பொரி கடலை வாங்கப் போயிருந்தாரு, நான்தான் எல்லாத்துக்கும் வச்சேன். மானிட்டருக்கு, கீபோர்டுக்கு, பிரிண்டருக்கு, பேப்பர் வெட்டுற கத்திக்கு, எல்லாத்துக்கும். பேப்பர்ல பரப்பி வச்சிருந்த சாமானுக்கும்தான். ஒண்ணை விட்டு ஒண்ணுக்கு வச்சா சாமி ஏத்துக்குமா? கார்டுக்கும் வச்சேன். அதுல எங்க வைக்கன்னுதான் கொஞ்சம் யோசிச்சேன். ஒரு பக்கம் கறுப்பா ரெண்டு காத்தாடி, அதுல வச்சா சுத்தும்போது தெறிக்கும்ல, அந்த விவரமெல்லாம் எனக்குத் தெரியும். மறு பக்கம் பூராம் முள்ளு முள்ளா இருக்கு. கீழ ஓரத்துல மட்டும் தங்கக் கலர்ல, சின்னச் சின்னக் கோடா ஒரு பட்டை, பாக்கவே லட்சணமா. சாமிக்குன்னே செஞ்ச மாதிரி. அதுல வரிசையா மூணு பொட்டு வச்சேன். உதிரக் கூடாதுன்னு பன்னீர் விட்டுக் கெட்டியாக் குழைச்சு வச்சேன். மேல குங்குமம்.

எதுக்கு வாயைப் பொத்துற?

அந்தப் பட்டையா? அது எதுக்கு... அந்தக் கோடு ஒவ்வொண்ணுலயுமா? அது வழியாத்தான் படமெல்லாம் போகுமா? அப்ப அதுல எது ஒட்டிருந்தாலும்...

இல்லையே. மாட்டும்போது அவரு பாத்திருப்பாரே. இரு, இரு. அவரு கண்ணாடியைத் தேடுனாரு. நான்தான், "எமகண்டம் பொறக்கப் போகுது, வருசா வருசம் மாட்டுறதுக்குக் கண்ணாடி என்னத்துக்கு, சீக்கிரம் மாட்டுங்க"ன்னு தலைக்கு மேல நின்னு விரட்டுனேன்.

அதைத்தான் மோந்து பாத்தாரா?

அட ஆண்டவா. அப்ப அந்தத் தப்பா அடிச்ச வரி? அப்படி ஒரு வரியே கிடையாதா?

அண்ணன் வீட்டுல அத்தனை பேரு முன்னாடி நான் எந்திரிச்சு நின்னு நடிச்சுக் காட்டுனேனே பாப்பா. மூக்கைச் சுளிச்சு, கண்ணை உருட்டி. அவரு பாத்துக்கிட்டே இருந்தாரே. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, "உங்க தங்கச்சி வச்ச சந்தனம்"னு சொல்லியிருந்தா கூடமே என்னையப் பாத்துத் திரும்பியிருக்குமே. அதிரசத்தைத் தின்னுக்கிட்டு இருந்தாரே.

இந்த மனுசனைப் பாத்தியா! என்ன அழுத்தம்! கட்டுன பொண்டாட்டியை ஒரு மாசமா வாய்க்கு வந்தபடி பேச விட்டுட்டு, வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்திருக்காரு பாரு! ஒருத்தி இப்படி ஒண்ணும் தெரியாம ஊரு பூராம் சொல்லிக்கிட்டுத் திரியிறாளே, இழுத்துப் பிடிச்சு நிறுத்துவோம்னு தோண வேண்டாம்? இது நியாயமா? இதை யாருகிட்ட போய்ச் சொல்ல?

என் பையைக் கொஞ்சம் பிடி. போனை எடுக்கணும். அவரு நம்பரு மேலயே இருக்கும், அந்தப் பச்சையை நீ அமுக்கி விடு.

ஹலோ. நான்தான். எங்கயும் இறங்கல, பஸ்ஸுலதான் இருக்கேன். நீங்க என்ன பண்றீங்க? சரி, அது கெடக்கட்டும். ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லுங்க. அன்னைக்குக் கார்டை மோந்து பாத்தீங்களே, என்ன வாசம் அடிச்சுது? ... சும்மாதான் கேக்கேன், சொல்லுங்க. ... தூசி வாசமா? ... உண்மையாவா? தூசி வாசம்தானா?

கேட்டியா பாப்பா? இன்னும் தூசிங்கிறாரு.

ஏங்க, நாலரைக்கு ஒரு வண்டி இருக்கு, கடையைச் சாத்திட்டு ஏறி வாங்க. ... வேலை ஓடியா போகும்? ... யாரும் ஒண்ணும் பேச மாட்டாங்க. பேசுறதுக்கு முன்னாடி நான் பேசப் போறேன். ... என்னத்தையோ பேசுறேன், நீங்க இருந்து கேக்கணும். ... சண்டை ஒண்ணும் இல்லங்க. நீங்க வராம நான் பால் காய்ச்ச மாட்டேன், அவ்வளவுதான். அந்த வெளிர்நீலச் சட்டை தேய்ச்சு பீரோவுல இருக்கு. வாங்க. ... ம். வைக்கிறேன்.

வாராராம்.

என்ன எந்திரிச்சுட்ட? ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துருச்சா? இரு, ஒரு நிமிசம், பஸ் இங்க பத்து நிமிசம் நிக்கும், எனக்குத் தெரியும். இதை எப்படி ஆரம்பிக்கிறதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போ. அவரு சடக்குன்னு சொல்லிருவாரு, எனக்குப் பழக்கமில்ல. நான் சொல்லிப் பாக்கேன், சரியா இருக்கான்னு கேளு. "அண்ணே, எல்லாரும் கேளுங்க. இவரு மேல ஒரு தப்பும் இல்ல. கார்டுல சந்தனம் பட்டிருச்சு." ... பட்டிருச்சுன்னு சொல்லக் கூடாதா? சரி. "கார்டுல சந்தனம் கொஞ்சம் கூடிப்போச்சு." ... அதுவும் ஆகாதா? ஏம் பாப்பா இப்படி முறைக்கிற? சரி, சரி. "நான்தான் வச்சேன் அண்ணே. தப்பு என்னோடதுதான்." போதுமா?